ஐந்தாம் கட்டம்

எங்கள் பள்ளிக்கு மைதானம் கிடையாது.
கீழே பல் ஆஸ்பத்திரி,
முதல் மாடியில் எல்கேஜி, யூகேஜி,
இரண்டாவதில் நாங்கள்.
மொட்டை மாடியில் சின்டெக்ஸ் டேங்க்,
டேங்கைச் சுற்றிக் கோகோ.

குதிக்காமல் ஓடச் சொல்லுங்கள் என்று
டாக்டர் ஆள் அனுப்புவார்.
துளை போடும்போது கூரை அதிர்கிறதாம்.
யாரோ ஒருவர் வாயைத் திறந்தபடி
எங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறாராம்.
அதனால் ஓடுவதை விட
உட்காருவதைத்தான் நன்றாகப் பழகினோம்.

கோகோவில் பாதி ஆட்டம் உட்காருவது.
எட்டுப் பேர், எட்டுக் கட்டம்,
ஒருத்தி அயனாவரம் பார்த்து
அடுத்தவள் வில்லிவாக்கம் பார்த்து.
முதுகுக்குக் கண் இல்லை.
விரட்டுகிறவள் வந்து தொட்டு
கோ என்று சொல்லும்வரை எழக் கூடாது.
சொன்ன பிறகு
உட்கார்ந்திருக்கக் கூடாது.

எட்டாவதிலிருந்து பத்தாவது வரை
பெண்கள் மொத்தமே பத்துப் பேர்.
கோட்டீஸ்வரிக்குக் கணுக்கால் வீங்கி
ஒன்பதானோம்.
மாற்று ஆட்டக்காரர்களின் பெஞ்சு
காலியாக இருந்தால் அசிங்கம் என்று
பைகளை வரிசையாக உட்கார வைப்பதாகத் திட்டம்.

சட்டையில் எண் தைக்க நேரமில்லை.
லூர்து வீட்டு நாள்காட்டியில் தாள் கிழித்து
ஊக்கு குத்திக்கொண்டோம்.
என் முதுகில் 8.
கீழே பொடி எழுத்தில்
கரிநாள், கீழ்நோக்கு நாள், ராகு காலம்.
பின்னால் வந்தவர்கள் எல்லோரும்
படித்துப் படித்துச் சிரித்தார்கள்.
எனக்கு மட்டும் தெரியாது.

சனிக்கிழமை காலை பர்வீன் வரவில்லை.
ஞாயிறு வரவேண்டிய மாப்பிள்ளை வீட்டார்
அவள் அக்காவைப் பார்க்க
ஒரு நாள் முன்னாலேயே வந்துவிட்டார்களாம்.
"டீ யார் கொடுக்கறது?"
என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தார் அவள் அம்மா.

எட்டுப் பேரோடு ஆடறீங்களா,
எழுதிக் கொடுத்துட்டுப் போறீங்களா
என்றார் நடுவர்.
எமிமாள் மிஸ் எங்களைத் திரும்பிப் பார்ப்பதற்குள்
நாங்கள் உட்கார்ந்துவிட்டிருந்தோம்.
ஐந்தாம் கட்டம் மட்டும்
சுண்ணாம்புக் கோடும் ஒரு எறும்புப் புற்றுமாய்.

எதிரணி இரண்டு பஸ்ஸில் வந்திருந்தது.
எல்லோருக்கும் ஒரே நிற ஷூ,
தட்டுவதற்கு டிரம், தட்ட ஒரு பையன்.

நான்காவது நிமிடம்.
லூர்து விரட்டிக்கொண்டு வருகிறாள்.
அந்தக் குட்டைப் பெண் வளைந்து தப்பிக்கிறாள்.
மாடியில் நூறு தடவை செய்ததைப் போலவே
லூர்து கையை நீட்டி
ஐந்தாம் கட்டத்தின் காற்றைத் தட்டி
கத்தினாள்: கோ!

யாரும் எழவில்லை.
ஓடிக்கொண்டிருந்தவளும் நின்று
யார் வருகிறார்கள் என்று பார்த்தாள்.
விசில்.
டிரம் அடித்த பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.
லூர்துவின் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது,
பர்வீன் முதுகு எவ்வளவு உயரமோ
அவ்வளவு உயரத்தில்.
பிறகு அவளே சிரித்தாள்.
நாங்களும் சிரித்தோம்,
பாதிப் பேர் அயனாவரம் பார்த்து,
பாதிப் பேர் வில்லிவாக்கம் பார்த்து.

பத்தொன்பதுக்கு ஆறு.
எனக்குக் கோ வந்தது ஒரே ஒரு முறை.
எழுந்த வேகத்தில் கரிநாள் கிழிந்து பறந்தது.
யாரையும் தொடவில்லை.
திரும்பி வர ஷேர் ஆட்டோவில்
எட்டுப் பேரையும் ஏற்றிக்கொண்டார்,
ஒன்பது பேருக்குக் காசு கேட்டார்.
பைகளுக்காம்.

திங்கட்கிழமை முதல் வகுப்பு வேதியியல்.
பர்வீன் எனக்கு முந்தின பெஞ்சில்.
மாப்பிள்ளை மஸ்கட்டாம், முடிவு சொல்லலை,
நான்தான் டீயில சர்க்கரை போட மறந்துட்டேன் என்றாள்.
ஆட்டத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

சத்தியசீலன் சார் போர்டு பக்கம் திரும்பியதும்
அவள் முதுகில் கை வைத்து
மெதுவாகச் சொன்னேன்: கோ.

எழுந்துவிட்டாள்.
இடது பக்கம் சாய்ந்து
ஒரு கால் பெஞ்சுக்கு வெளியே,
கண் கதவைத் தாண்டி எங்கோ.

என்னம்மா, சந்தேகமா?
இல்ல சார்.

கீழே துளை போடும் சத்தம்
கொஞ்சம் நின்று
மறுபடி தொடங்கியது.